ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்கள்

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஒவ்வொரு வருஷமும் மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வருகிறது. மறுநாள் பேப்பரில் ஒரு பட்டியல் வரும். எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி, அரசுப் பள்ளிகள் எத்தனை சதவீதம்... டீக்கடையில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "கவர்மெண்ட் ஸ்கூல்ல எவன்யா பாடம் நடத்துறான்?" என்பார். இன்னொருவர், "பசங்க எங்க படிக்கிறானுங்க, எந்நேரமும் செல்போனு" என்பார். டீ ஆறுவதற்குள் அரசுப் பள்ளியின் பிரச்சினை பேசி முடிக்கப்பட்டுவிடும்!

நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சதவீதம் யாருடைய கணக்கு? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதானே அது? ஒன்பதாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்கு வராமலே போனவன் அதில் எங்கே இருக்கிறான்? அவன் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. கணக்கிலேயே இல்லை!

2023 மார்ச் 13-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வின் முதல் நாள். அன்று மொழிப்பாடத் தேர்வுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தபோது தமிழ்நாடே திகைத்தது. அந்த மாணவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்த 2020-21-ல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, எல்லோருக்கும் பாஸ் போடப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து ஹால் டிக்கெட் தயார், பெஞ்சில் நம்பர் ஒட்டியாகிவிட்டது, ஆளைக் காணோம். அவர்களில் பலர் ஒரே நாளில் காணாமல் போனவர்களா? இல்லை நண்பர்களே! எப்போதோ போய்விட்டார்கள். நாடு அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தது.

இந்தக் கட்டுரை பாஸ் சதவீதத்தைப் பற்றியது அல்ல. அந்தச் சதவீதத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியது. நம் காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், எந்த இடத்தில், எதனால் நின்றுபோகிறார்கள் என்பதைப் பற்றியது.

மூன்றாவது நாடா

கோயில் ஊர், பட்டு ஊர் என்று நம் ஊருக்கு இரண்டு பெயர். 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காந்தி ரோட்டில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்தப் பட்டு எப்படி நெய்யப்படுகிறது என்று நம்மோடு படிக்கிற வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாது. ஆகவே சொல்கிறேன்.

சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிரியாதபடி கோர்த்து நெய்வதற்குப் பெயர்தான் கோர்வை. இதற்கு மூன்று நாடா வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் தேவை. அந்த ஆள் பெரியவராக இருந்தால் கூலி கொடுக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? கூலியும் இல்லை, கேள்வியும் இல்லை!

அப்படித்தான் பல தலைமுறையாக நம் ஊர்ப் பிள்ளைகளின் கை தறிக்குப் போனது. வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல. முன்பணம் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை, முன்பணம் கொடுத்தவர் தறியில் போய் உட்கார்ந்தான். கடன் தீரும்வரை எழுந்திருக்க முடியாது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. உலகம் நம் ஊரைப் பட்டுக்காக மட்டும் பேசவில்லை!

இதை மாற்றச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தையின் நலனுக்கே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2002-ல் இதே ஊரில் தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் போன்ற தொண்டு நிறுவனங்கள் தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தின. பலன் இருந்ததா? நிச்சயமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையைப் பகல் முழுக்கத் தறியில் பார்ப்பது எங்கள் தெருவில் இன்றைக்கு அபூர்வம். என் அப்பா நாலாம் வகுப்போடு நாடா பிடித்தார். நான் டிராயிங் போர்டு பிடித்திருக்கிறேன். சும்மா வந்ததில்லை இது. மதிய உணவு, இலவசப் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது. இதை மறந்துவிட்டு "கவர்மெண்ட் என்ன செஞ்சது?" என்று பேசுவது நன்றி கெட்டத்தனம்.

ஆனால் நண்பர்களே, பிரச்சினை போய்விடவில்லை. எட்டு வயதிலிருந்து பதினாலு வயதுக்கு நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பதினாலு வயதில் எல்லாக் கையும் விட்டுவிடுகிறது

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதுதான் என் கட்டுரையின் மையம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்வி யாருக்கு? 6 வயது முதல் 14 வயது வரை. அதாவது எட்டாம் வகுப்பு வரை.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பாஸ் எந்த வகுப்பு வரை? எட்டாம் வகுப்பு வரை.

எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று சட்டம் தடுப்பது எந்த வயது வரை? 14 வரை. 2016-ல் செய்த திருத்தத்தின்படி 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் வைக்கக்கூடாது. 14-க்குக் கீழே உள்ளவர்கள்கூடப் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவி' செய்யலாம். வீடே தறிக்கூடமாக இருக்கும் தெருவில் இந்த 'உதவி' எத்தனை மணிக்கு முடிகிறது என்று யார் வந்து பார்ப்பார்?

கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. தெருவிலேயே சாயங்கால வகுப்பு, நல்ல திட்டம். யாருக்கு? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை!

பார்த்தீர்களா? கட்டாயக் கல்வி, எல்லோருக்கும் பாஸ், வேலைத் தடை, தெரு வகுப்பு... நாலும் ஒரே வாசலில் நின்றுவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பு வாசல். எட்டு வருஷம் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அரசாங்கம், ரோடு அகலமாகிற இடத்தில் கையை விட்டுவிட்டு "நீயே கிராஸ் பண்ணிக்கோ" என்கிறது. மதிய உணவு மட்டும் பத்தாம் வகுப்பு வரை கூடவே வருகிறது. அந்தச் சோறும் இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் நின்றிருப்பார்களோ!

பாடம் என்ன ஆகிறது? எட்டாம் வகுப்பு வரை பின்னம் தெரியாமலே ஒருவன் வந்துவிட முடியும். ஒன்பதில் பல்லுறுப்புக் கோவை வருகிறது, வடிவியல் வருகிறது, அறிவியலில் சமன்பாடு வருகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரியாதவனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நடத்த எந்த ஆசிரியரால் முடியும்? அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஒரே அறையில் அறுபது பேர். அதில் முன்பெஞ்சு ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது, நடுபெஞ்சு ஆறாம் வகுப்பில் இருக்கிறது, கடைசி பெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அவர் யாருக்குப் பாடம் நடத்துவார்?

என் செட்டுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2020 மார்ச்சில் ஏழாம் வகுப்பில் பள்ளியை மூடினார்கள். நாங்கள் திரும்பிப் போனது 2021 செப்டம்பரில், ஒன்பதாம் வகுப்புக்கு! எட்டாம் வகுப்பு என்று ஒன்றை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் கல்யாணங்கள் சுருங்கின, பட்டு விற்கவில்லை, தறி நின்றது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனால் பையன்கள் காய்கறி வண்டியிலும் மெக்கானிக் ஷெட்டிலும் இருந்தார்கள். கையில் காசு பார்த்தவன் செப்டம்பரில் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவானா? சிலர் வந்தார்கள். சிலர் ஒரு வாரம் வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

இதோடு பத்தாம் வகுப்பு ரிசல்ட் பயமும் சேர்ந்துகொள்கிறது. பாஸ் சதவீதம் குறைந்தால் தலைமையாசிரியருக்கு மேலிடத்துக் கேள்வி. ஆகவே தேறாதவன் ஒருவன் தானாக நின்றால், சில இடங்களில் யாரும் அவனைத் தேடிப் போவதில்லை. என் வகுப்பிலிருந்த ஒரு பையனின் அம்மாவிடம், "பத்தாவது போனா ஃபெயில்தான் ஆவான், டி.சி. வாங்கிட்டு ஏதாவது கைத்தொழில்ல விடுங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அந்த வருஷப் பாஸ் சதவீதம் நன்றாகவே வந்தது!

செலவு இல்லை, வரவும் இல்லை

"எல்லாமே இலவசம்தானே, அப்புறம் ஏன் நிக்கிறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படிக்க எங்களுக்குச் செலவு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினாலு வயதுப் பையன் பள்ளிக்குப் போனால் ஒரு வரவு நிற்கிறது. அதை எந்த இலவசமும் ஈடு செய்வதில்லை. கோர்வைச் சேலை ஒன்று தறியை விட்டு இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். சேலை இறங்கினால்தான் கூலி. ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு நமத்துப்போகும், வாரக்கணக்கில் தறி நிற்கும். அந்த மாதத்தில்தான் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்! முதலாளியிடம் முன்பணம் ஏறும். அப்போது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போனால் ஒரே ராத்திரியில் காசு என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து கூப்பிடுகிறான். வீட்டில் யாரும் "போ" என்று சொல்வதில்லை. "போகாதே" என்றும் சொல்ல முடிவதில்லை.

கோயில் ஊருக்கு இன்னொரு இழுப்பும் உண்டு. 2019-ல் அத்திவரதர் தரிசனம், ஜூலை 1 முதல் 48 நாள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்றார்கள். எங்கள் ஏழாம் வகுப்பில் பல பேர் அந்த 48 நாளும் தண்ணீர் பாட்டிலும் விசிறியும் விற்றார்கள். அத்திவரதர் மறுபடி நாற்பது வருஷத்துக்குக் குளத்துக்குள் போய்விட்டார். அந்தப் பையன்களில் சிலர் வகுப்புக்குள் முழுசாகத் திரும்பவில்லை.

வீட்டில் படிக்க இடம் எங்கே? முன்கட்டை முழுக்கத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றித்தான் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம். பெண்பிள்ளையாக இருந்தால் தார் சுற்ற வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்துவிட்டால் "போதும் படிச்சது" என்று சொல்லப் பாட்டி தயாராக இருப்பார். ஒரு சங்கதி கவனியுங்கள். 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், பத்தாம் வகுப்புப் படித்திருந்தால்தான் உதவி என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஒரு நிபந்தனைக்காகவே "பத்தாவது வரைக்கும் போகட்டும்" என்று விட்ட வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அந்தத் திட்டம் 2022-ல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. 2024-ல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் நம்மில் பலருக்கு வங்கியில் ஏறுகிறது. பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது எவ்வளவு உதவி என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஆயிரம் பள்ளியைத் தாண்டி வந்தவனுக்குத்தான். தாண்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நிற்கிறவனுக்கு இல்லையே! அவனுக்கு இருக்கும் ஒரு வழி, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வு. அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12 ஆயிரம், அதாவது மாதம் ஆயிரம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே உள்ளது. அருமையான திட்டம். ஆனால் நன்றாகப் படிப்பவன்தான் அதில் தேறுவான். எவனுக்கு அந்தப் பணம் இல்லாவிட்டால் படிப்பே நிற்குமோ, அவன் பெரும்பாலும் அந்தத் தேர்வை எழுதுவதே இல்லை.

"படிச்சி என்னா பண்ணப் போறான்?"

எதிர்க்கட்சி வாதத்தையும் பேசிவிடுவோம். எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்பது இது. "நெசவு கௌரவமான தொழில்தானே? கத்துக்கட்டுமே. படிச்சவன் மட்டும் என்ன கலெக்டரா ஆயிட்டான்? ஒரகடத்துல காண்டிராக்ட்ல தானே நிக்கிறான்?"

நெசவு கேவலம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கோர்வை போடத் தெரிந்த கை சாதாரணக் கை அல்ல. என் அப்பா கண்ணளவில் பிடிக்கிற கணக்கை நான் வெர்னியர் வைத்துத்தான் பிடிக்கிறேன்! ஆனால் ஒருவன் தறிக்குப் போவது அவனாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், வேறு கதவு மூடியிருந்ததால் அல்ல. 1953-ல் ராஜாஜி ஆட்சியில் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. திட்டமாக வந்ததை விரட்டிவிட்டோம். வறுமையாக வந்து அதே வேலையைச் செய்தால் மட்டும் சும்மா இருக்கலாமா?

கம்பெனி விஷயமும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் திறந்தது, 2014-ல் மூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். கம்பெனி வரும், போகும். அடுத்த கேட்டில் போய் நிற்கும்போது அவன் முதலில் கேட்பது சர்டிபிகேட்டைத்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த கேட்டிலும் சீட்டு கிடையாது.

நம் ஊரில் 1909-ல் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும், பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டு, நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தான். அவர் திரும்பிப் படிக்க வந்தார். பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். 1967-ல் முதலமைச்சரானார். திரும்பி வர ஒரு வழி இருந்தது, அதனால் வந்தார். இன்றைக்கு நின்றவனுக்கும் வழி இருக்கிறது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். எட்டாம் வகுப்புப் பாஸுக்கே ஐ.டி.ஐ.-யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த அண்ணன்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்! ஆனால் இதையெல்லாம் அவனிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, மாதம் ஆயிரம் ரூபாயை நின்றுபோகும் நிலையில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்காவது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கொடுக்க வேண்டும். இரண்டு, பள்ளியின் ரிசல்ட்டை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட வேண்டும். ஒன்பதில் நூறு பேர் சேர்ந்து, எண்பது பேர் தேர்வு எழுதி, எண்பதும் பாஸ் என்றால் அது நூறு சதவீதம் அல்ல, எண்பதுதான். இப்படிக் கணக்கெடுத்தால் யாரும் யாரையும் டி.சி. கொடுத்து அனுப்ப மாட்டார்கள். காணாமல் போனவனை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவார்கள்.

மூன்றாவதை நான் கேட்பது நம் மாணவர் சங்கத்திடம். முதல் வருஷம் நம்மில் எத்தனை பேர் கணக்கில் அரியர் வைத்தோம்? எல்லாம் ஒன்பதாம் வகுப்பில் விட்ட பாக்கிதானே! ஒரு பையனுக்குப் பின்னம் எந்த இடத்தில் சறுக்கும் என்று பெரிய டிகிரிக்காரரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நாம் சறுக்கிய இடம் அது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். இருபது பேர் போதும். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம். பிள்ளையார்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு அறை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறன் தேர்வுப் பயிற்சி, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு. பேனரும் போட்டோவும் வேண்டாம். ஒரு வருகைப் பதிவேடு மட்டும் வேண்டும். அதில் ஒரு பெயர் மூன்று நாள் தொடர்ந்து விடுபட்டால், நாலாம் நாள் நம்மில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே போய் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. "ஏன்டா வரல?" என்று கேட்டால் போதும்.

நம் குடும்பங்களில் முதல் முதலாகப் படித்தவர்கள் நம்மில் ஏராளம். நாம்தான் கடைசி என்று ஆகிவிடக் கூடாது. வருகிற ஜூனில் பள்ளி திறக்கிறது. அதற்குள் இருபது பெயர் சேர வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற பத்தொன்பது பேர் யார்?